சோலாரா, ஜெனரேட்டரா? எங்கள் தொடர்மாடிக் கூட்டத்துக்கு ஒரு கணக்குக் கேட்கிறேன்

வெள்ளவத்தைக் கணக்கன் | சனி, இரவு 9.40

அடுத்த ஞாயிறு எங்கள் தொடர்மாடியில் கூட்டம். 24 வீடுகள், ஆறு மாடி. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: பொது நிதியில் சேர்ந்திருக்கும் காசுக்கு மொட்டை மாடியில் சோலார் போடுவதா, கீழே ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைப்பதா. நான் பொருளாளர். ஆகவே இரண்டு கட்சியும் என்னைத்தான் திட்டுகின்றன.

ஜெனரேட்டர் கட்சியின் வாதம் எளிது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை ஒருவரும் மறக்கவில்லை. ஆறாம் மாடியில் முழங்கால் ஒப்பரேஷன் செய்த அம்மா ஒருவர் இருக்கிறார். லிப்ட் எப்போது நிற்கும் என்று தெரியாததால் வாரக்கணக்கில் அவர் கீழே இறங்கவில்லை. அவர் பெயரைச் சொன்னாலே சபை உருகிவிடும். அதே வருடம் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்காமல் பெற்றோல் செட் வாசலில் இரவு தூங்கினோம் என்று நான் சொன்னால், “அது முடிந்த கதை” என்கிறார்கள். கரண்ட் மட்டும் திரும்பவும் போகுமாம், டீசல் போகாதாம்.

சோலாருக்கு வருவோம். தண்ணீர்த் தாங்கி, லிப்ட் அறை, உடுப்புக் காயப்போடும் இடம் எல்லாம் கழித்தால் 1,300 சதுர அடி தேறும். 20 கிலோவொட் போடலாம். கொழும்பு வெயிலுக்கு ஒரு கிலோவொட் மாதம் 110, 120 யூனிட் தரும். 2,300 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 150 யூனிட் என்று பார்த்தால் எங்கள் தேவை 3,600. முழுதும் ஈடாகாது, ஆனால் பில்லில் பெரிய அடி விழும்.

எக்செலில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன்: செலவு, மிச்சம், ஆபத்து. எதை விட்டுவிட்டேன் என்று விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆமர் வீதி வியாபாரி | சனி, இரவு 9.52

ஐயா, இரண்டுமே என்னிடம் இருக்கிறது. தவணைக்கும் தரலாம். தனிமடலுக்கு வாருங்கள்.

நெறியாளர் | சனி, இரவு 9.58

இங்கே விற்பனை வேண்டாம். தெரிந்ததைச் சொன்னால் சந்தோஷம்.

கிரிட்காரன் | சனி, இரவு 11.15

கணக்கன் அண்ணை, நீங்கள் விட்டது நேரத்தை. யூனிட்டை மாதத்துக்கு எண்ணுகிறீர்கள். கிரிட், அதாவது நாட்டு மின்கட்டமைப்பு, அதை ஒவ்வொரு நொடியும் எண்ணுகிறது.

முதலில் உங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காத ஒன்று. பற்றரி இல்லாத சாதாரண சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். கூரையில் வெயில் கொளுத்தும், கீழே லிப்ட் ஓடாது. கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஆள் உங்கள் கூரைக் கரண்டில் மாட்டிக்கொள்வார். ஆகவே ‘கரண்ட் போனால் சோலார் இருக்கிறதே’ என்று யாராவது கை உயர்த்தினால் உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்தது எங்கள் தலையிடி. நாட்டுக்கு அதிகம் கரண்ட் வேண்டியது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. சோலார் கொட்டுவது பகல் 11 முதல் 2 வரை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் மாட்டி நாடே இருண்டதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் குரங்கைப் பற்றி மீம் போட்டார்கள். விடயம் வேறு. ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, வெயில் உச்சத்தில் இருந்ததால் சோலார் நிறைய. சுழலும் பெரிய இயந்திரங்கள் அப்போது கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. பாரமான சில்லு ஓடிக்கொண்டிருந்தால் சின்னத் தட்டு விழுந்தாலும் வேகம் சட்டென்று குறையாது. அந்தப் பாரம்தான் கிரிட்டின் பிடிமானம். சோலார் கரண்டை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் சில்லே இல்லை. ஆகவே ஒரு தட்டுக்கே எல்லாம் வரிசையாக விழுந்தது. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் விழுந்தால் எழும்ப நாட்கள் எடுக்கும், அதனால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர வெட்டு. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தபோது, பகல் மூன்று மணி வரை கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. ஏன் என்று இப்போது விளங்கும்.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகல் வெயிலை இரவு 7 மணிக்குக் கொண்டுபோகும் வேலைதான் இனி எங்கள் வேலை. உபமின்நிலையங்களில் 160 மெகாவொட் பற்றரி வைக்கப் போகிறார்கள், மகா ஓயாவில் 600 மெகாவொட்டுக்கு நீரேற்றுத் திட்டம் (பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கிக் கரண்ட் எடுப்பது) பேசப்படுகிறது. உங்கள் பொது நிதியிலும் அதையே செய்யுங்கள். இடம் இருக்கிறது என்று 20 கிலோவொட் போடாமல், சோலார் பலகையைக் குறைத்து அந்தக் காசில் பற்றரி வாங்குங்கள். லிப்ட், தண்ணீர் மோட்டர், படிக்கட்டு லைட். அது போதும்.

சும்மா ஒருவன் | ஞாயிறு, காலை 7.05

எதற்கு இந்தச் சுற்றுவழி? நிலக்கரிதான் மலிவு. வெள்ளைக்காரன் எரித்தான், சீனாக்காரன் எரித்தான், முன்னேறினார்கள். உலகம் விடும் புகையில் நமது பங்கு கடுகளவுகூட இல்லை. நாங்கள் மட்டும் நல்ல பிள்ளைக்கு நடித்து ஏன் இருட்டில் இருக்க வேண்டும்? 2016இல் சம்பூர் நிலக்கரித் திட்டத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் 500 மெகாவொட் கையில் இருந்திருக்கும். சூழல், சூழல் என்று கத்தியவர்கள்தான் 2022இல் வரிசையில் முதலில் நின்றார்கள்.

வெண்கட்டி | ஞாயிறு, காலை 8.30

தம்பி சும்மா ஒருவன் கேட்டதில் பாதி நியாயம். நம்முடைய புகை கடுகளவு என்பது உண்மை. முன்னேறியவர்கள் எரித்து முன்னேறினார்கள் என்பதும் உண்மை. நான் முப்பது வருடம் பொருளியல் படிப்பித்தவன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ‘மலிவு’ என்ற சொல்லைச் சும்மா விட முடியாது.

நுரைச்சோலைக்கு 900 மெகாவொட், மூன்று இயந்திரம். நிலக்கரி முழுக்கக் கப்பலில் வருகிறது. அந்தக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது இறக்க முடியாது. செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை இறக்கிக் குவிக்க வேண்டும். ஒரு வருடத்து டொலரையும் அந்த மாதங்களுக்குள் தேட வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம். 2019 கடைசியில் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2022 மார்ச்சில் அது 1.9 பில்லியன். 2022 ஏப்ரல் 12இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டோம். டொலர் இல்லாத வீட்டில் உலகத்திலேயே மலிவான நிலக்கரி இருந்து என்ன? சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை 2021 நவம்பரில் மூடினார்கள். இயந்திரம் பழுதில்லை, மசகெண்ணெய் வாங்கக் காசில்லை.

அந்த வருடங்களை நான் வகுப்பில் எடுத்திருந்தால் கரும்பலகையில் ஒரு சங்கிலி வரைந்திருப்பேன். 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக்கினார்கள். வருமானம் விழுந்தது. அப்புறம் கொரோனா, சுற்றுலா விழுந்தது. டொலரை மிச்சம் பிடிக்கிறோம் என்று 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடுத்தார்கள். அதற்குச் சூழல் என்று பெயர் வேறு வைத்தார்கள்! நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு வந்தது. டொலர் கொண்டுவரும் பயிரையே டொலர் மிச்சம் பிடிக்கப் பட்டினி போட்டோம். வயலில் நெல்லும் குறைந்தது, அரிசியை இறக்குமதி செய்தோம். கடைசியில் 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இதில் எது பொருளாதாரம், எது எரிசக்தி, எது சூழல்? பாடத்திட்டத்தில் மூன்றும் மூன்று அலகு. வாழ்க்கையில் ஒரே கணக்கு.

நானும் ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லா லைட்டையும் எல்ஈடி ஆக்கினேன், பில் குறைந்தது. குறைந்த தைரியத்தில் மகன் இரண்டாவது ஏசி போட்டான். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை 1865லேயே நிலக்கரியில் கண்டார்: இயந்திரம் சிக்கனமானால் மொத்த எரிப்புக் குறையாமல் கூடுகிறது. என் மகன் பொருளியல் படிக்கவில்லை, ஆனால் நிரூபித்துவிட்டான்.

மஸ்கெலியா பையன் | ஞாயிறு, பகல் 1.20

கடையில் சாப்பாட்டு நேரம், கைபேசியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சேர் தேயிலை என்றதும் எழுதத் தோன்றியது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்போம், மாதம் 5 மில்லியன் பெறுமதிக்கு அனுப்புவோம் என்று 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள். அந்த வருடம்தான் எங்கள் அம்மாவுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. கொழும்பில் கார் ஓடிய எண்ணெய்க்கு அம்மா கொழுந்து பறித்துக் கடன் கட்டினார். அவருக்கு அது தெரியாது. நான் சொன்னபோது “அப்போ எனக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெயாவது தந்திருக்கலாமே” என்றார்.

இன்னொன்று. நீர்மின்சாரம் சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மழையில் எடுப்பதால் டொலரும் வேண்டாம். சரி. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918லேயே எங்கள் மலைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதையும் மதிக்கிறேன். ஆனால் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. மழை பொய்த்துத் தண்ணீர் இறங்கும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தெரியும். ஆச்சி எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் நின்று கும்பிட்டிருக்கிறார். கோயில் தெரிந்தால் எங்களுக்குத் தரிசனம், கொழும்புக்கு மின்வெட்டு. இரண்டும் ஒரே நாளில் வரும்.

அந்தத் தண்ணீரில் கொழும்பு வெளிச்சமானது. எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) லைன் இழுத்தது நான் பிறந்த பிறகு. அணையிலிருந்து எங்கள் லயம் நடக்கிற தூரம்.

கணக்கன் அண்ணே, உங்கள் எக்செலில் இதற்குப் பத்தி இருக்கிறதா?

வெள்ளவத்தைக் கணக்கன் | ஞாயிறு, மாலை 5.45

இல்லை தம்பி. நான் கேட்டது கூரைக்குக் கணக்கு. இத்தனை ஊர் வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் உங்கள் ஆச்சி நின்ற சேறு மத்தியானத்திலிருந்து மனதில் கிடக்கிறது.

பேசாலையான் | ஞாயிறு, இரவு 8.10

நான் இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஊர் பேசாலை. மஸ்கெலியா தம்பி எழுதியதைப் படித்தபோது, பெயரை மாற்றினால் எங்கள் கதை என்று நினைத்தேன்.

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலை நிற்கின்றன. தம்பபவனி என்று பெயர், 103.5 மெகாவொட், 2020 டிசம்பரில் திறந்தார்கள். நடுக்குடாவிலிருந்து பெரிய கம்பிகளில் கரண்ட் தெற்கே போகிறது. இன்னும் 484 மெகாவொட் மன்னாரிலும் பூநகரியிலும் போட வந்த அதானி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. யூனிட் 8.26 அமெரிக்கச் சதத்துக்கு என்று முடிவான விலையைப் புதிய அரசு குறைக்கப் பார்த்தபோது அது நடந்தது. கொழும்புப் பேப்பர்கள் முழுக்க அந்த விலையைத்தான் பேசின. பிறகு வேறு கொம்பனிகள் வந்தன. 2025 ஓகஸ்டில் எங்கள் சனம் மன்னார் நகரில் இரவு பகலாக ரோட்டில் இருந்து, காற்றாலைப் பாகம் ஏற்றி வந்த வாகனங்களை மறித்தது. அப்போது இங்கே என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார், “காற்றாலைக்குமா எதிர்ப்பு? அது பச்சை மின்சாரம்தானே?”

எங்கள் தீவு தட்டையானது. மழை பெய்தால் தண்ணீர் தானாக வழி தேடி ஓடவேண்டும். அடித்தளமும் அதற்குப் போட்ட ரோட்டும் அந்த வழியை அடைக்கின்றன, முன்பு நிற்காத வளவுகளில் தண்ணீர் நிற்கிறது என்று ஊர்ச் சனம் சொல்கிறது. வங்காலைப் பக்கம் பூநாரைகள் வரும் இடம், உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் உள்ள சரணாலயம். போதாதற்கு கனிய மணலுக்கும் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேலே காற்று, கீழே மண். நடுவில் நாங்கள்.

காற்றாலை எனக்கு எதிரி இல்லை. கடலில் கரைவலைப் பாட்டுக்கு (வலை இழுக்கும் இடத்துக்கு) முறை உண்டு. இன்று உன் வலை, நாளை என் வலை, யார் முதலில் என்று ஊரே கூடி வைத்த ஒழுங்கு. காற்றுக்கு அப்படி ஒரு கூட்டம் எங்கள் ஊரில் வைத்தார்களா? கொழும்பில் தீர்மானித்துவிட்டு, பாரம்தூக்கி வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. ஒரே இரவில். எங்கள் சின்னப் படகுகள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுபவை. தலைக்கு மேல் நூறு மெகாவொட் சுற்றிக்கொண்டிருக்க, அப்பா துடுப்பு வலித்துப் போனார்.

வெண்கட்டி | ஞாயிறு, இரவு 9.30

பேசாலைத் தம்பி சொன்ன கரைவலை ஒழுங்குதான் எலினர் ஒஸ்ட்ரோமின் வாழ்நாள் ஆராய்ச்சி. பொதுச் சொத்தைப் பாவிக்கிறவர்களே கூடி விதி வைத்தால் அது அழியாமல் காக்கப்படலாம் என்று உலகம் முழுக்க உதாரணம் சேர்த்துக் காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது, பெண் ஒருவருக்கு முதல் தடவையாக. நாங்கள் உயர்தர வகுப்பில் விலை, வரி, அரசாங்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கரைவலைப் பாட்டு முறை பாடத்தில் இல்லை.

மற்றவர் தலையில் விழும் செலவுக்குப் பொருளியலில் புறச்செலவு என்று பெயர். ஊர்ப் பெயர் இன்னும் நன்றாக இருக்கும்: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

சும்மா ஒருவன் | ஞாயிறு, இரவு 9.41

அப்போ நிலக்கரியும் வேண்டாம், அணையும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாம். எல்லோரும் குப்பி விளக்குக் கொளுத்துவோம். சரிதானே?

கிரிட்காரன் | ஞாயிறு, இரவு 10.20

சும்மா ஒருவன், கோபம் விளங்குகிறது, எனக்கும் வரும். 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் மறியல் என்றால் நாங்கள் எங்கே கம்பம் நடுவது? மன்னார்க் காற்றுப் போல் ஒரு காற்று இந்த நாட்டில் வேறு எங்கும் இலேசில் கிடைக்காது, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது இராத்திரியிலும் வரும். சோலாரால் முடியாததை அது செய்யும். அதை விட்டால் டீசல்தான். பேசாலையான் அண்ணை மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

பேசாலையான் | ஞாயிறு, இரவு 10.34

மன்னிக்க ஒன்றும் இல்லை. நான் கேட்டதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

தெமட்டகொட தாத்தா | திங்கள், காலை 10.50

ஸலாம் எல்லோருக்கும். (தாத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா. யாழ்ப்பாணத்தார் எனக்கு எழுபது வயது என்று நினைக்க வேண்டாம்.)

நான் வீட்டில் ரோல்ஸ், பெட்டிஸ் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவள். உங்கள் மெகாவொட் எனக்கு விளங்காது. எனக்குத் தெரிந்தது அடுப்பு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனது, அதற்கும் விடியப்புறம் வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைக்க வேண்டும். விறகுக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் (கொழும்பில் நெருக்கமான குடியிருப்பை அப்படிச் சொல்வோம்) வீடுகள் சுவரோடு சுவர், புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போனது. பிள்ளைக்கு இழுப்பு. அவள் உம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நான் காசை மிச்சம் பிடித்தேன், அவள் மருந்து வாங்கினாள். சேர் சொன்ன நெய்க் கதை இதுதானே?

பில்லையும் சொல்கிறேன். மாதம் 30 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 2022 ஓகஸ்டுக்கு முன்பு யூனிட் இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் யூனிட் 30, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300. பிறகு குறைத்தார்கள், உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்குள் எங்கள் வரிசையில் எத்தனை வீட்டில் கம்பியைக் கழற்றினார்கள்! 2023இல் மட்டும் நாட்டில் 10 இலட்சத்துக்கும் மேல் இணைப்புத் துண்டித்தார்கள். செலவுக்கேற்ற விலை என்றார்கள், ஐஎம்எஃப் சொன்னது என்றார்கள். முந்தி மலிவாகக் கொடுத்ததும் கடனில்தான் என்று என் மகள் விளக்கினாள். விளங்கியது. ஆனாலும் 105ஐ 1,300 ஆக்கினால் யார் மெழுகுதிரிக்குப் போவார்கள், யார் கூரையில் சோலார் போடுவார்கள்? கூரை சொந்தமாக இருக்கிறவர்கள் வெயிலை விற்றுப் பில்லைக் குறைத்தார்கள். எங்கள் தகரக் கூரையில் பலகை வைத்தால் கூரையே வந்துவிடும்.

குப்பையையும் யாரும் சொல்லவில்லை. மாமி வீடு மீதொட்டமுல்லையில். 2017 சித்திரை 14, வருடப் பிறப்பன்று குப்பை மலை சரிந்து வீடுகளுக்கு மேல் வந்தது. 32 பேர் மௌத்தானார்கள். அந்த மலையில் மீதொட்டமுல்லைக் குப்பை எவ்வளவு? எல்லாம் கொழும்பு நகரத்துச் சாப்பாட்டு மிச்சம். இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவொட் எடுக்கிறார்கள், மிச்சத்தில் ஒரு பங்கு புத்தளம் அருவக்காட்டுக்குப் போகிறது. அங்கேயும் சனம் வேண்டாம் என்றுதான் சொன்னது.

வெள்ளவத்தைக் கணக்கன் | திங்கள், பகல் 12.15

தாத்தா, 105–1,300 கணக்கை நான் கூட்டத்தில் சொல்லப் போகிறேன், உங்கள் பெயர் சொல்லாமல். எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் 30 யூனிட் பில் வந்ததே இல்லை. அப்படி ஒரு பில் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

மஸ்கெலியா பையன் | திங்கள், பகல் 1.10

டித்வா புயலையும் சேருங்கள் அண்ணே. 2025 நவம்பர் கடைசியில் மேலே எங்கள் மலை சரிந்தது, அதே மழை களனி கங்கையில் இறங்கி வெல்லம்பிட்டியையும் கொலன்னாவையையும் மூடியது. நாடு முழுக்க 600க்கு மேல் உயிர். கடையில் என்னோடு வேலை செய்யும் பையனின் வீடு வெல்லம்பிட்டியில். என் சித்தப்பா குடும்பம் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது, அவன் குடும்பம் பன்சலையில் (பௌத்த விகாரையில்) இருந்தது. இரண்டு பேரும் கடையில் ஒரே பாயில் படுத்தோம்.

வெண்கட்டி | திங்கள், மாலை 4.00

களனி என்றால் சதுப்பு நிலத்தைச் சொல்லாமல் முடியாது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று உலகில் முதல் 18 நகரங்களுக்குப் பட்டம் கொடுத்தபோது கொழும்பும் அதில் இருந்தது. வெள்ளத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் வேலையைச் சதுப்பு சம்பளம் இல்லாமல் செய்கிறது. அதை நிரப்பிக் கட்டடம் கட்டினால் கட்டிய செலவு தேசிய வருமானத்தில் ஏறும். பிறகு வெள்ளம் வந்து, சுவரைத் திரும்பக் கட்டினால் அதுவும் வருமானத்தில் ஏறும். சதுப்பு போனது மட்டும் எங்கும் கழிபடாது. கணக்கன், இது உங்கள் தொழிலின் பிழையா, எங்கள் தொழிலின் பிழையா?

வெள்ளவத்தைக் கணக்கன் | திங்கள், மாலை 4.20

சேர், எங்கள் தொழிலில் தேய்மானம் என்று ஒரு வரி உண்டு. அதைப் போடாமல் இலாபம் காட்டினால் கணக்காய்வாளர் கையெழுத்து வைக்க மாட்டார். நாட்டுக் கணக்கில் கட்டடத்துக்குத் தேய்மானம் போடுகிறீர்கள், சதுப்புக்குப் போடவில்லை. ஆகவே பந்து உங்கள் பக்கம்.

ஆமர் வீதி வியாபாரி | செவ்வாய், காலை 9.15

விற்க வரவில்லை, நெறியாளர் ஐயா பயப்பட வேண்டாம். இரண்டு விடயம். ஒன்று, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று ஆணியையும் கம்பியையும் தின்றுவிடும். அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத ஆணி என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவு விலைக்குப் போட்டவர்கள் மூன்றாம் வருடம் என்னிடம் வருகிறார்கள். இரண்டு, கிரிட்காரன் தம்பி சொன்ன பற்றரி யோசனை சரி. ஆனால் லிப்ட் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதை விடப் பல மடங்கு. அதைத் தாங்கும் இன்வெர்ட்டரா என்று கேளுங்கள்.

2025இல் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு என் கடைக்கு வருகிறவர்களில் பலர் மின்சாரக் காருக்குச் சார்ஜர் கேட்கிறார்கள். வேலை முடிந்து வந்து இரவு ஏழு மணிக்குச் செருகுவார்கள். கிரிட்காரன் தம்பிக்கு நெஞ்சு வலி வரும்.

கிரிட்காரன் | செவ்வாய், காலை 9.40

வந்துவிட்டது. பத்தரைக்குப் பிறகு செருகச் சொல்லுங்கள், தயவுசெய்து.

வெள்ளவத்தைக் கணக்கன் | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

கூட்டம் முடிந்தது. மூன்று மணி நேரம், இரண்டு தடவை தேநீர், ஒரு வெளிநடப்பு.

ஜெனரேட்டர் தோற்றது, 13க்கு 9. இரண்டு வீட்டுக்காரர் கனடாவில், வாக்கில்லை. முழங்கால் அம்மா சோலாருக்குக் கை தூக்கினார்! “டீசல் வாங்க நீயா போவாய்?” என்று ஜெனரேட்டர் கட்சித் தலைவரைக் கேட்டார், அதோடு அந்தக் கட்சி கவிழ்ந்தது. முடிவு: 12 கிலோவொட், அதோடு பற்றரி. லிப்ட், மோட்டர், படிக்கட்டு லைட் மட்டும் அதில். மிகுதி வெயில் பொதுக் கணக்குக்கு.

ஒரு விடயம் நானே எதிர்பார்க்காதது. கீழே வாகனத் தரிப்பிடத்துப் பக்கத்து அறையில் எங்கள் காவலாளி மனைவியோடு இருக்கிறார். அவர் அறை பொது மீட்டரில். மாதம் ஒரு தொகையைக் கரண்டுக்கு என்று சம்பளத்தில் கழிக்கிறோம். கழிப்பது நான், கையெழுத்து என்னுடையது, ஆறு வருடமாக. 2022இல் ஏற்றினோம். விலை குறைந்தபோது குறைக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தாத்தாவின் 105–1,300ஐ வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிட்டேன். சபை, தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் தந்தது. இந்த மாதத்திலிருந்து அந்தக் கழிப்பு இல்லை. கூடக் கழித்ததைத் திருப்பிக் கொடுப்பதா என்பதில்தான் வெளிநடப்பு நடந்தது, அது அடுத்த கூட்டத்துக்குப் போகிறது.

பேசாலையான் தம்பி, மஸ்கெலியாத் தம்பி, உங்கள் இரண்டு பேருடைய கேள்வியையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன். செயலாளர் எந்தத் தலைப்பில் போடுவது என்று யோசித்துவிட்டு ‘ஏனைய விடயங்கள்’ என்பதன் கீழ் எழுதிக்கொண்டார்.

மஸ்கெலியா பையன் | அடுத்த ஞாயிறு, இரவு 8.52

அங்கேதான் எழுதுவார்கள் அண்ணே. பழக்கம்தான். காவலாளி ஐயா எந்த ஊர்?

வெள்ளவத்தைக் கணக்கன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.05

நோர்வூட், உங்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

கிரிட்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

பற்றரியை மொட்டை மாடியில் வைக்க விடாதீர்கள். கீழே, வெயிலும் வெள்ளமும் படாத உயரத்தில். காவலாளியின் அறைக்குள்ளும் வேண்டாம், யாராவது கட்டாயம் அந்த யோசனையோடு வருவார்கள்.